பேர் கேட்காத எட்டு நாள்

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. கல்லும் காற்றும்தான் இங்கே தாராளம். மிச்சத்தை நாமாகத்தான் வளர்க்க வேண்டும் என்பதால் சண்டையையும் ஒழுங்காக வளர்ப்போம். வேலிக் கல்லுக்காகப் பேசாதவர்கள் உண்டு, கிணற்றுத் தண்ணீருக்காகப் பேசாதவர்கள் உண்டு. என் சொந்தச் சித்தப்பா, கல்யாண விருந்தில் தனக்கு எலும்பாகப் பார்த்து வைத்துவிட்டார்கள் என்று, சாகும் வரை எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் மாலா லிபாவில் தானிலோவும் அவருடைய அண்ணன் ஆல்பினும் பேசாமல் இருந்த மாதிரி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்கள் வருஷத்துக்கு எட்டு நாள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

எட்டு நாள் என்பது பழைய வழக்கம். வியன்னாவில் இருந்த யாரோ ஒரு சக்கரவர்த்தி, குடியானவன் தன் ஒயினைத் தன் வீட்டிலேயே வைத்து வருஷத்தில் எட்டு நாள் விற்றுக்கொள்ளட்டும் என்று விட்டார். சக்கரவர்த்தி போனார், இத்தாலிக்காரன் வந்து போனான், யுகோஸ்லாவியாவும் போயிற்று, எட்டு நாள் மட்டும் போகவில்லை. சாலை பிரிகிற இடத்துக் கம்பத்தில் ஒரு கொத்து ஐவிக்கொடியைக் கட்டி, கீழே ஒரு அம்புப் பலகையை மாட்டினால், அந்தத் திசையில் ஒரு வீடு திறந்திருக்கிறது என்று பொருள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நீ யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஐவிக்குக் கீழே வருகிறவன் குடிக்க வந்தவன், அவ்வளவுதான்.

தானிலோவின் வீட்டில் முதலில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தேதான் எட்டு நாள் நடத்தினார்கள். பீப்பாய்கள் ஆல்பின் பொறுப்பு, பன்றித் தொடைகளைக் காற்றில் உலர்த்துவதும் வெட்டுவதும் தானிலோ பொறுப்பு. ஒரு வருஷம் ஆல்பின் ஒரு பீப்பாயை நிரப்பிவைக்க மறந்துவிட்டார். அவர் மனைவி படுக்கையில் கிடந்த வருஷம் அது. பீப்பாய்க்குள் காற்று புகுந்து தெரான், அதாவது எங்கள் ஊர்ச் சிவப்பு ஒயின், புளித்துவிட்டது. முற்றம் நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, தானிலோ கூஜாவைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் டொக்கென்று வைத்தார்.

"இதை நீயே குடி. மிச்சம் இருந்தா முட்டைக்கோஸ்ல ஊத்திக்கோ. அப்பா இருந்திருந்தா உன்னைப் பீப்பாய் பக்கமே விட்டிருக்க மாட்டார்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன், நானும் சிரித்தேன். ஆல்பின் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "இனிமே இந்த வீட்டுக்கு உனக்கு அண்ணனா வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளி கபர்யேயில் இருந்த மனைவி வீட்டோடு போய்விட்டார்.

சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினார். அடுத்த வருஷம் கம்பத்தில் ஐவி ஏறியதும், முதல் நாள் காலை பதினோரு மணிக்கு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்து மூலை மேசையில் உட்கார்ந்தார். அண்ணனாக வரவில்லை, குடிக்க வந்திருந்தார். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தானிலோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

"என்ன வேணும்?" என்றார், சுவரைப் பார்த்து.

"கால் லிட்டர் தெரான். தொடைக்கறி ஒரு தட்டு," என்றார் ஆல்பின், மேசையைப் பார்த்து.

"ரொட்டி?"

"ரொட்டி இல்லாம எவனாவது திம்பானா?"

அன்றைக்கு அவர்கள் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. அதை வைத்து எங்கள் ஊர் ஒரு வருஷம் ஓட்டியது. ஆல்பின் முதல் வாயைக் குடித்து, நாக்கில் வைத்திருந்து விழுங்கி, "ம்" என்றார். தானிலோ அடுத்த மேசையைத் துடைக்கிற மாதிரி நின்று அந்த 'ம்'முக்காகக் காத்திருந்ததை நான் பார்த்தேன்.

இப்படிப் பதினோரு வருஷம். எட்டு நாளும் வருவார், பதினோரு மணிக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போவார். கோப்பையில் ஒரு வாய் மிச்சம் வைத்துப் போனால் தானிலோ அன்று சாயங்காலமே பீப்பாயைத் தட்டிப்பார்த்துக்கொண்டு கிடப்பார். தானிலோவின் மனைவி மில்கா அக்கா ஒரு தடவை ரொட்டி மாவு பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார்:

"பெப்பி, அந்த வடக்கு ஜன்னல் பக்கம் ஒத்தைத் தொடை தொங்குது பாரு. ரெண்டு வருஷமாத் தொங்குது. அதுல கை வெச்சா இந்த மனுஷனுக்குக் கோவம் வருது. கேட்டா 'அது இன்னும் காயல, கிடக்கட்டும்'ங்கறார். அது காய்ஞ்சு கல்லாப் போச்சு. யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? அவர் வாயால சொல்லிட்டா நாக்கு வெந்துடுமா?"

"நீங்களே போய்ப் பேசி முடிச்சு வெக்கலாமேக்கா."

"எதுக்கு? எட்டு நாள் வர்றார்ல. ஊர்ல பேசிக்கிற அண்ணன் தம்பி எத்தனை பேர் வருஷத்துல எட்டு நாள் பாத்துக்கறாங்க, சொல்லு."

விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஒரு கை நிறையவில்லை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். நான் ஒரு வேன் வைத்திருக்கிறேன். திரியெஸ்தேயிலிருந்தும் லியூப்லியானாவிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு நாளைக்கு மூன்று தோட்டம், இரண்டு நிலவறை, ஒரு மத்தியானச் சாப்பாடு என்று சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. சிவப்பு மண்ணைக் கையில் அள்ளிப் படம் எடுத்துக்கொள்வார்கள். காற்றுக்குப் பறக்காமலிருக்கக் கூரை மேல் கல் வைத்திருப்பதைக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். நல்ல ஜனங்கள்தான். ஆனால் அவர்களுக்குத் தேதி வேண்டும். ஐவி எப்போது கட்டுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்க அவர்களால் முடியாது.

தானிலோவின் மகள் யஸ்னா கடற்கரை ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது அவளுக்கு ஓதிவிட்டவன் நான்தான். "எட்டு நாளை நம்பி யாரும் பிழைக்க முடியாதும்மா. வருஷம் பூராத் திற. முன்பதிவு வை. ஆள் கொண்டுவர்றதை நான் பாத்துக்கறேன்," என்றேன். அவள் கெட்டிக்காரி. பழைய மாட்டுக் கொட்டிலை நாலு அறையாகக் கட்டினாள், வெள்ளை விரிப்பு போட்டாள். வாசலில் பச்சைப் பெயின்ட்டில் ஐவி இலை வரைந்த பலகை வைத்தாள். அந்த இலை பன்னிரண்டு மாதமும் வாடாது.

"மாடு இருந்தப்போ அதுக்கு ஜன்னல்கூட நான் வெச்சதில்ல," என்று தானிலோ சிரித்தார். "இப்ப பாரு, அதே இடத்துல படுக்க வியன்னாவுலேர்ந்து வர்றான். மாட்டுக்குத் தெரிஞ்சா என்னை முட்டும்."

சிரித்தார்தான். வசந்தத்தில் வழக்கமாக நடக்கும் எட்டு நாள் அந்த வருஷம் நடக்கவில்லை என்பதை அவர் கவனித்தாரா என்று நான் கேட்கவில்லை. எல்லா வாரமும் ஆள் வந்துகொண்டிருந்தது. கம்பத்தில் ஐவி கட்ட யாருக்கும் நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

மே மாதம் ஒருநாள் காலியாக வேனை ஓட்டிக்கொண்டு வந்தபோது, சாலை பிரிகிற இடத்தில் ஆல்பின் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வேறு ஊர்க்காரர்களுடைய அம்புதான் இருந்தது. அந்த வாரத்தில் அவரை அங்கே நான் பார்ப்பது அது மூன்றாவது தடவை.

"ஏறுங்கண்ணே, வீட்டுல விடறேன்."

"நடக்கத்தான் வந்தேன்." பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "மாலா லிபாவுல இந்த வருஷம் எப்போ?"

"எட்டு நாளாண்ணே? அது இனி இல்ல. இப்ப எல்லாம் முன்பதிவு. போன் பண்ணிட்டு எந்த நாள் வேணும்னாலும் போலாம்."

"போன் பண்ணணுமா?"

"ஆமா. எத்தனை பேரு, எத்தனை மணிக்குன்னு கேப்பாங்க. அவ்ளோதான்."

"பேரு?"

"பேரும்தான்."

ஆல்பின் தடியால் ஒரு கல்லை ஓரமாகத் தள்ளினார். "ஐவிக்குக் கீழ எவனும் பேர் கேட்டதில்ல," என்றார். பிறகு என் வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "நல்ல வண்டி," என்று சொல்லிக் கபர்யே பக்கம் நடந்தார். இதை அன்றைக்குப் போய்த் தானிலோவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஐவி கட்டுவார், கட்டினால் முன்பதிவு குழம்பும், குழம்பினால் என் வேன் காலியாக ஓடும். இந்தக் கணக்கு எனக்குள் ஓடியது என்பதை இன்று ஒத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் அறுவடையில்தான் வாய் திறந்தேன். விருந்தாளிகள் ஆளுக்கொரு ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஒரு குலை வெட்டுவதும் ஒரு படம் எடுப்பதுமாக இருந்தார்கள். தானிலோ அவர்கள் விட்டுப்போன குலைகளைப் பின்னாலேயே வெட்டிக்கொண்டு வந்தார். நான் கூடை பிடித்திருந்தேன்.

"அண்ணே, ஆல்பின் அண்ணனை மே மாசம் கம்பத்துக்கிட்ட பாத்தேன்."

கத்தரிக்கோல் நின்றது. "எத்தனை நாளு?"

"நான் பாத்தது மூணு நாளு."

"நீ பாத்தது மூணு நாளு," என்றார். அப்படியானால் நான் பார்க்காமல் எத்தனை நாள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. "இப்ப செப்டம்பர்டா பெப்பி."

"தெரியும்ணே."

வரிசையின் கடைசி வரை வெட்டிக்கொண்டே போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில், மில்கா அக்கா யோத்தா சூப்பை ஊற்றிக்கொண்டிருக்கும்போது தானிலோ, "நவம்பர்ல மார்ட்டின் திருநாளுக்கு நான் ஐவி கட்டப்போறேன்," என்றார்.

யஸ்னா கரண்டியை வைத்தாள். "அப்பா, அந்தச் சனி ஞாயிறுக்கு எல்லை தாண்டி கிராஸ் நகரத்துலேர்ந்து இருபது பேர் வர்றாங்க. பல் டாக்டருங்க. எப்பவோ உறுதி பண்ணியாச்சு."

"வரட்டும். பல்லு நல்லா இருக்கும். தொடைக்கறியைக் கடிக்கட்டும்."

"இருபது பேரையும் வெச்சுக்கிட்டு ஊரையும் கூப்பிட்டா எங்க உக்கார வைக்கறது? உங்க மடியிலயா?"

"முன்னாடி இதே வீட்டுல அறுபது பேர் உக்காந்தாங்க."

"முன்னாடி பீப்பாய் மேல உக்காந்தாங்க. சுவத்துல உக்காந்தாங்க. இப்ப ஒரு நாற்காலி ஆடினாலே என்னைப் பத்தி எழுதிப் போடறான்ப்பா. உங்களுக்கு என்ன, மீசையை முறுக்கிக்கிட்டுக் கதை சொல்லிட்டுப் போயிடுவீங்க. பதில் சொல்றது நான்."

"நான் கேக்கறது மூணு நாளு."

"எதுக்குப்பா? யாருக்காக?"

தானிலோ ரொட்டியைப் பிய்த்து யோத்தாவில் போட்டு ஊறவைத்தார், சாப்பிடவில்லை. மில்கா அக்காதான் பேசினார்.

"கட்டட்டும்டி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்கப்பா அது வேணும் இது வேணும்னு கேட்டதே இல்ல. உப்பு வேணும்னுகூடக் கேட்டதில்ல. கட்டட்டும்."

யஸ்னா அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விஷயம் அவளுக்கும் புரிந்தது. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திராட்சைப் பந்தலில் குலை தொடவைத்தவர் ஆல்பின்தான். "சரி," என்றாள். "மூலை மேசையை நான் யாருக்கும் எழுதல. ஆனா மத்தபடி வர்ற ஊர்க்காரங்க எல்லாம் முற்றத்துல உக்காரணும். உள்ள டாக்டருங்களுக்கு."

மார்ட்டின் திருநாள் வந்த வாரம், வெள்ளிக்கிழமை காலையில் தானிலோ தானே ஏணி எடுத்துவந்து கம்பத்தில் ஐவியைக் கட்டினார். கம்பியால் ஏழெட்டுச் சுற்று சுற்றினார். அன்று வெயில் நன்றாக இருந்தது. ஊர்க்காரர்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன தானிலோ, எங்களுக்கும் ரூம் உண்டா?" "மாடு படுத்த இடத்துல படுத்தா பால் கறப்பாங்களா?" என்று வம்பு பண்ணிக்கொண்டு குடித்தார்கள். மூலை மேசையில் ஒரு நாற்காலியும் ஒரு கோப்பையும் மட்டும் இருந்தன. பதினோரு மணி ஆனது, பன்னிரண்டரை ஆனது. ஆல்பின் வரவில்லை. தானிலோ அந்த மேசையை நாலு தடவை துடைத்தார்.

சனிக்கிழமை விடியும்போதே புர்யா எழுந்துவிட்டது. எங்கள் வடகிழக்குக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வேனைச் சாய்க்கும், ஆளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டவைக்கும். புர்யா அடிக்கும்போது வீட்டுக் கதவை நாங்கள் சும்மா திறக்க மாட்டோம். கையிலிருந்து பிடுங்கி அடித்துக் கீலையே பெயர்த்துவிடும். தட்டுகிறவன் யார் என்று உள்ளிருந்தபடியே கேட்டு, அப்புறம் ஒருவர் தாழை எடுக்க இன்னொருவர் கதவைப் பிடிப்பார். இது குழந்தையிலிருந்து வருகிற பழக்கம்.

முற்றத்து மேசைகள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. அதனால் ஐவியைப் பார்த்து வந்த ஊர்க்காரர்களும் உள்ளேயே வந்து நெருக்கிக்கொண்டார்கள். டாக்டர்கள் இருபது பேர். அவர்களில் பாதிப் பேருக்குக் காற்றைப் படம் பிடிக்க வெளியே போக வேண்டும், இரண்டு நிமிஷத்தில் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு தடவை கதவு திறந்ததும் மேசை விரிப்பு பறந்தது, ஒரு கூஜா உடைந்தது. யஸ்னாவின் முகம் சிவந்துவிட்டது.

தானிலோ காலையிலேயே என்னைக் கதவருகே நிறுத்தியிருந்தார்.

"நீ இங்கயே நில்லு. யார் வந்தாலும் போனாலும் உன் பொறுப்பு. ஒருத்தன் வந்தா மட்டும் என்னைக் கூப்பிடு."

"யாருண்ணே?"

"உனக்குத் தெரியும்."

பதினோரு மணிக்கு நான் கதவிலேயே கண்ணாக இருந்தேன். பன்னிரண்டரைக்கும் இருந்தேன். ஒரு மணிக்கு மேல், இந்தக் காற்றில் எழுபத்தொரு வயது மனுஷன் வர மாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு மணிக்கு ஒரு டாக்டரும் அவர் மனைவியும் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்து, யஸ்னா என்னிடம் கண்ணால் கேட்டாள். நானும் தலையாட்டினேன். மூலை மேசையில் இன்னொரு நாற்காலி போட்டு அவர்களை உட்காரவைத்தாள்.

"மாமா, இனிமே வெளிய இருந்து யாரையும் விடாதீங்க," என்றாள். "பேர் கேளுங்க. டாக்டருங்கன்னா திறங்க. மத்தவங்களை நாளைக்கு வரச் சொல்லுங்க. நிக்கக்கூட இடமில்ல."

தானிலோ கீழே நிலவறையில் பாதிப் பேருக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்று மணி இருக்கும். கதவு தட்டியது. இரண்டே தட்டு, மெதுவாக. அதற்கு முந்தின அரை மணியில் ஏழு தடவை கதவைத் திறந்து மூடியிருந்தேன், தோள் கழன்றிருந்தது. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கத்தினேன்:

"இடமில்ல! பதிவு பண்ணவங்க மட்டும்தான்! பேர் சொல்லுங்க!"

காற்று மட்டும் கேட்டது.

"பேர் என்ன? பேர் சொன்னாத்தான் திறப்பேன்!"

பதில் இல்லை. திரியெஸ்தேக்காரன் எவனோ போய்விட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான் பக்கத்தில் இருந்த தட்டிலிருந்து ஒரு துண்டு கறி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மில்கா அக்கா அடுப்படியிலிருந்து கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"யார்டா தட்டினது?"

"யாரோக்கா. பேர் கேட்டேன், சொல்லல."

"பேர் கேட்டியா?" அவர் குரல் உடைந்தது. "ஜன்னல் வழியாப் பாத்தேன்டா. தொப்பியை ஒரு கையால அமுக்கிக்கிட்டுப் போறார். அந்த நடை ஆல்பினோடதுடா."

தானிலோ நிலவறைப் படியில் ஏறி வந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டார். கோட்டு கூடப் போடாமல் தாழை எடுத்தார். கதவு அடித்துத் திறந்து சுவரில் மோதியது, உள்ளே யாரோ பெண் வீரிட்டாள். சாலை வரை ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். சாலையில் ஒருவரும் இல்லை. ஆல்பின் சுவரோரமாக வயல் வழியில் போயிருக்க வேண்டும், காற்றுக்குப் பயந்தவர்கள் அப்படித்தான் போவார்கள். தானிலோ "ஆல்பின்!" என்று கத்தினார். காற்று அந்தச் சொல்லை எங்கள் பின்னால் கொண்டுபோனது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் திரும்பி வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, வடக்கு ஜன்னல் பக்கத்துத் தொடையை இறக்கி வெட்டி, எல்லோர் தட்டிலும் வைத்தார். பல் டாக்டர்கள் அதுமாதிரிக் கறியைச் சாப்பிட்டதே இல்லை என்றார்கள்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் கிளம்பியதும் தானிலோ என் வேன் பக்கம் வந்தார். "கபர்யே வரைக்கும் கொண்டுபோய் விடு," என்றார். நடந்தே போகிற தூரம்தான். "கால் வரமாட்டேங்குதுடா." வழியில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, "திட்டட்டும். அடிச்சாலும் சரி, வாங்கிக்கறேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். "நீயும் உள்ள வா. தனியாப் போக பயமா இருக்கு."

ஆல்பின் முதல் தட்டிலேயே கதவைத் திறந்தார்.

"அட, வா தானிலோ. பெப்பி, நீயும் வா, வா. காத்துல நிக்காதீங்க."

அவ்வளவு சுலபமாக இருந்தது. சமையலறையில் அலமாரிகள் காலியாக இருந்தன. இரண்டு பெட்டிகள் கயிறு கட்டி வாசலுக்குப் பக்கத்தில் நின்றன. நல்ல கோப்பைகளாகப் பார்த்து ஒரு பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்.

"மாரிபோர்ல மக வீட்டுக்குப் போறேன், புதன்கிழமை. மூட்டு ரெண்டும் போச்சு. இந்தப் படி ஏற முடியல. வசந்தத்துலயே கூப்பிட்டா. கொஞ்சம் இருந்துட்டு வரேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." தண்ணீரை அடுப்பில் வைத்தார். "நேத்து சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, கதவுக்குப் பின்னாடி நின்னது நான்தான்."

"தெரியுமே. உன் குரல் எனக்குத் தெரியாதா? நீ என்னடா பண்ணுவ, உள்ள கூட்டம்."

"என் குரல்னு தெரிஞ்சும் ஏண்ணே பேர் சொல்லல?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன்." சிரித்தார். "ஆல்பின்னா அந்தப் பட்டியல்ல இருக்காது. அண்ணன்னு சொல்லலாம்னா, அது நானே வேண்டாம்னுட்டுப் போனதாச்சே. வேற என்ன பேர் இருக்குன்னு யோசிச்சேன், காத்து தள்ளிடுச்சு."

தானிலோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "திட்டுண்ணே," என்றார். "அத்தனை பேர் முன்னாடி அன்னிக்கு உன்னைக் கேவலப்படுத்தினேன். அண்ணி படுத்துக் கிடக்கறப்ப. நேத்து கதவைச் சாத்தினேன். ஒரு வார்த்தை திட்டிடுண்ணே."

"அட, உக்காரு." ஆல்பின் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அதெல்லாம் எப்பவோ போச்சு. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. நேத்து வீட்டுக்கு வந்து உக்காந்து தேடிப் பாத்தேன், கோவம் வருதான்னு. நிஜமாவே வரல." காபியை ஊற்றினார். "சக்கரை எத்தனைப்பா? எனக்கு இப்ப தெரியாதே."

தானிலோவுக்கு ஒன்று என்று நான்தான் சொன்னேன். ஆல்பின் ஒன்று போட்டுக் கலக்கி, தம்பி பக்கம் நகர்த்தினார். புது அறைகள் எப்படிப் போகின்றன, குளிர்காலத்தில் ஆள் வருமா, யஸ்னாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தானிலோ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "இன்னிக்கு ராத்திரி சாப்பிட வா, வீட்டுல யாரும் இல்ல," என்று கேட்டபோது, "வேண்டாம்ப்பா, தட்டெல்லாம் கட்டணும், மில்காவுக்கு என் அன்பைச் சொல்லு," என்றார். வாசல் வரை வந்து இருவருக்கும் கை கொடுத்தார். "வந்ததுக்கு ரொம்பச் சந்தோஷம்," என்றார். அவர் முகத்தில் ஒரு துளி பொய் இல்லை.

வேனில் ஏறி உட்கார்ந்த தானிலோ கதவைச் சாத்தவில்லை. காற்று அடங்கிவிட்டிருந்தது.

"பாத்தியா பெப்பி. எவ்ளோ நல்லாப் பேசினான்."

"ஆமாண்ணே."

"நேத்து வந்த டாக்டருங்க போறப்ப என்கிட்ட இப்படித்தான் பேசினாங்க."

நான் சாவியைப் போடவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. தொப்பிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"பதினோரு வருஷம் என்மேல கோவமா இருந்தான்டா. கோவமா இருந்தவரைக்கும் எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்."